மான்செஸ்டர் 1998: பொன்விழாவுக்காக மறுபடி கட்டப்பட்ட கணினி

கணினித் துறைக்குப் பொன்விழா, வைரவிழா என்று வந்தால் பல்கலைக்கழகங்கள் செய்வது ஏறக்குறைய ஒன்றேதான். விழா மலர், முன்னாள் மாணவர் சந்திப்பு, சுவரில் ஒரு பலகை, ஒரு கருத்தரங்கம், மதியச் சாப்பாடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1998 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் நடந்த பொன்விழா வேறு வகை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தன் முதல் நிரலை ஓட்டிய 'பேபி' என்ற கணினி, விழாவுக்காக மறுபடி கட்டப்பட்டு, உண்மையாகவே ஓடியது. அசல் இயந்திரம் எப்போதோ கலைக்கப்பட்டுவிட்டது. அதன் முழுமையான வரைபடத் தொகுப்பு என்று ஒன்றும் யாரிடமும் இல்லை.

அதை எப்படிச் சாதித்தார்கள், அதனால் என்ன கிடைத்தது, இதே போன்ற விழாக்களில் மற்ற இடங்களில் என்ன விட்டுப்போனது என்று பார்க்கிறது இந்த ஆய்வு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கணினியைக் கட்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஆண்டு விழாவைச் சாக்காக வைத்து அதை மறுபடி கட்டினால், வேறு எந்த வழியிலும் கிடைக்காத வரலாறு கிடைக்கும். அந்த வாய்ப்புக்கு ஒரு காலக்கெடு உண்டு. மான்செஸ்டர்க்காரர்கள் அதைத் தவறவிடவில்லை.

கொண்டாடப்பட்டது எது?

1946 டிசம்பரில் ஃப்ரெடி வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராகச் சேர்ந்தார். போர்க்காலத்தில் மால்வர்னில் இருந்த அரசு ரேடார் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். அங்கே அவருடன் இருந்த டாம் கில்பர்னும் கூடவே வந்தார். கொஞ்ச காலத்தில் அதே கூடத்திலிருந்து ஜெஃப் டூட்டிலும் வந்து சேர்ந்தார். மூவரும் ரேடார் பொறியாளர்கள். கணினிக்காரர் என்று அழைக்க அப்போது உலகில் அனேகமாக யாருமே இல்லை.

அன்றைய சிக்கல் நினைவகம். கூட்டல் கழித்தல் போடும் மின்சுற்றுகளை வால்வுகளை, அதாவது டிரான்சிஸ்டருக்கு முன் இருந்த கண்ணாடி மின்னணுக் குழாய்களை, வைத்துக் கட்டிவிட முடியும். ஆனால் எண்களையும் கட்டளைகளையும் எங்கே வைப்பது? வைத்ததை அந்தச் சுற்றுகளின் வேகத்துக்கு எப்படி எடுப்பது? பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலி அலைகளாக ஓடவிடுவது ஒரு வழி. கேம்பிரிட்ஜ் அந்த வழியில் போனது. வில்லியம்ஸ் தேர்ந்தெடுத்தது ரேடாரில் பழகிய பிக்சர் டியூப். பழைய டிவிப் பெட்டியில் இருந்ததே, அதே வகைக் குழாய்தான்.

எலெக்ட்ரான் கதிர் திரையின் ஒரு புள்ளியில் பட்டால் அங்கே சிறு மின்னூட்டம் தங்கும். கதிரைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த மின்னூட்டத்தின் வடிவம் மாறும். ஒன்று, சுழியம் என்ற இரண்டையும் இப்படிப் பிரித்துக் காட்டலாம். கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய உலோகத் தகடு, கதிர் மறுபடி அதே புள்ளிக்கு வரும்போது எழும் சிறு மின்துடிப்பைப் பிடித்து, அங்கே எது இருந்தது என்று சொல்லிவிடும். தொல்லை என்னவென்றால், அந்த மின்னூட்டம் ஒரு நொடிகூடத் தாங்காது, கசிந்துவிடும். ஓட்டைக் குடத்தை ஊற்றி ஊற்றி நிறைவாக வைத்திருப்பதுபோல, படித்ததை உடனே மறுபடி எழுதிக்கொண்டே இருந்தால்தான் தகவல் நிற்கும். இன்று நம் மடிக்கணினியில் இருக்கும் டிராம் என்ற நினைவகச் சில்லும் அடிப்படையில் இதே வேலையைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது.

1947 இறுதிக்குள் கில்பர்ன் ஒரே குழாயில் 2048 பிட்களை, அதாவது அத்தனை ஒன்று-சுழியங்களை, மணிக்கணக்கில் நிறுத்திக் காட்டினார். சரி, சும்மா நிறுத்திவைப்பது வேறு, மின்வேகத்தில் மாற்றி மாற்றி எழுதும்போதும் தாங்குமா என்பது வேறு. அதைச் சோதிக்க ஒரே வழி, அந்த நினைவகத்தோடு ஒரு கணினியை இணைத்து ஓடவிடுவது. கணினி எதுவும் கைவசம் இல்லாததால், இருப்பதிலேயே சிறிய ஒன்றை அவர்களே கட்டினார்கள். அதிகாரப்பூர்வப் பெயர் 'சிறு அளவு சோதனை இயந்திரம்'. எல்லோரும் அழைத்தது 'பேபி' என்று. கணிப்பதற்காக அல்ல, நினைவகத்தைச் சோதிக்கவே அது பிறந்தது. விழாவைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. பின்னால் மறுகட்டமைப்பில் எடுத்த முக்கியமான முடிவு ஒன்று இதிலிருந்துதான் வந்தது.

பேபியின் நினைவகம் 32 சொற்கள், அதாவது ஒரு கட்டளையோ எண்ணோ வைக்கும் 32 வரிகள், ஒவ்வொன்றும் 32 பிட். மொத்தம் 1024 பிட். கட்டளைகள் ஏழே ஏழு. சுமார் 550 வால்வுகள், 3.5 கிலோவாட் மின்சாரம், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை. நினைவகக் குழாயின் முகத்தை உலோகத் தகடு மூடியிருப்பதால் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அதில் உள்ளதை அப்படியே காட்ட இன்னொரு குழாய் வைத்திருந்தார்கள். விடையைப் படிப்பதும் அந்தத் திரையில் ஒளிரும் புள்ளிகளை வைத்துத்தான்.

கில்பர்ன் எழுதிய முதல் நிரலில் 17 கட்டளைகள். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சிறிய எண்களில் மிகப் பெரியதைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. 1948 ஜூன் 21, திங்கட்கிழமை, அதற்குக் கொடுத்த எண் 2,62,144. அதாவது 2-இன் 18-ஆம் அடுக்கு. விடை 1,31,072 என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இயந்திரம் 2,62,144-க்கு அடுத்த கீழ் எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தது. வகுத்தல் கட்டளை இல்லாததால் அதையும் திரும்பத் திரும்பக் கழித்தே செய்தது. 52 நிமிடம், ஏறக்குறைய 35 லட்சம் செயல்கள். விடை சரியாக வந்தது. 52 நிமிடம் பிழையில்லாமல் ஓடியதுதான் உண்மையான செய்தி. நினைவகம் தாங்கிவிட்டது. கில்பர்ன் தன் வாழ்நாளில் எழுதிய ஒரே நிரல் இதுதான் என்று சொல்வார்கள்.

இதைக் கணினிக் கோட்பாட்டின் முன்னோடியான கணிதவியலாளர் ஆலன் டூரிங் கட்டினார் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் மான்செஸ்டருக்கு வந்ததே அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில். அவரை அழைத்து வந்தவர் கணிதப் பேராசிரியர் மேக்ஸ் நியூமன். வந்தபின் டூரிங் செய்த வேலைகள் பெரியவை, ஆனால் பேபி ஓடியபோது அவர் அங்கே இல்லை.

மிஞ்சியவை

பேபி ஒரு நாளும் அப்படியே நிற்கவில்லை. விடை வந்த கையோடு அதை விரிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1949 ஏப்ரலில் அது வளர்ந்து மான்செஸ்டர் மார்க் 1 ஆகப் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த அனுபவத்தை வைத்து ஃபெரான்டி நிறுவனம் வடித்த ஃபெரான்டி மார்க் 1, 1951 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகவே '1948 ஜூன் 21 அன்று இருந்த இயந்திரம்' என்பது சில வாரங்களுக்கு மட்டுமே உலகில் இருந்த ஒன்று.

அந்த நாளைக் காட்டும் ஆவணமும் குறைவு. முழு இயந்திரத்தையும் காட்டும் புகைப்படங்கள் அந்த ஆண்டின் இறுதியில் எடுத்தவை. அதற்குள் புதிய அடுக்குகள் சேர்ந்திருந்தன. ஜூன் 21 அன்று ஓடிய நிரலின் எழுத்துவடிவமும் இல்லை. கிடைத்தது டூட்டிலின் குறிப்பேட்டில் ஜூலை 18 தேதியிட்ட, திருத்திய வடிவம் மட்டும். மின்சுற்றுகளைப் பொறுத்தவரை, அங்கே ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த டாய் எட்வர்ட்ஸ், அலெக் ராபின்சன் போன்றவர்கள் தங்கள் குறிப்பேடுகளில் வரைந்து வைத்திருந்தவை உதவின. அப்புறம் வில்லியம்ஸும் கில்பர்னும் எழுதிய கட்டுரைகள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆவணங்களைச் சேர்த்துக் கட்டினால் மட்டும் போதாது. சேர்த்ததிலிருந்து, ஜூனுக்குப் பின் வந்தவற்றைக் கழிக்கவும் வேண்டும். புகைப்படத்தில் தெரியும் ஒரு பெட்டி ஜூனிலேயே இருந்ததா, செப்டம்பரில் வந்ததா? இதற்குக் காகிதம் பதில் சொல்லாது. அங்கே நின்று சாலிடர் வைத்தவர்தான் சொல்ல முடியும். அவராலும் சும்மா உட்கார்ந்து பேட்டி கொடுக்கும்போது சொல்ல முடியாது. முன்னால் ஒரு சட்டகம் நின்று, அதில் ஓர் இடம் காலியாக இருந்து, 'இங்கே என்ன இருந்தது?' என்று கேட்டால்தான் ஞாபகம் வரும்.

கட்டிய கதை

பொறுப்பை எடுத்தவர் கிறிஸ் பர்ட்டன். ஃபெரான்டியிலும் அதன் வழிவந்த ஐசிஎல் என்ற கணினி நிறுவனத்திலும் வேலை பார்த்த பொறியாளர். அவர் சார்ந்திருந்த கணினிப் பாதுகாப்புச் சங்கம், பிரிட்டிஷ் கணினிச் சங்கமும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகமும் சேர்ந்து 1989-இல் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1991-இல், சார்லஸ் பாபேஜின் இருநூறாவது பிறந்த ஆண்டையொட்டி அவர் வடிவமைத்த கணக்கிடும் இயந்திரமான இரண்டாம் வேறுபாட்டுப் பொறியை அதே அருங்காட்சியகம் முழு அளவில் கட்டி ஓடவிட்டுக் காட்டியது. விழாவுக்காகப் பழைய பொறியைக் கட்டுவது பைத்தியக்கார வேலை அல்ல என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம்.

மான்செஸ்டர் வேலை 90-களின் நடுவில் தொடங்கியது. தொண்டர்கள் கட்டினார்கள், ஐசிஎல் ஆதரவு தந்தது. போர்க்காலத்தில் ரேடாருக்காக இஎஃப்50 என்ற வால்வைப் பெரும் எண்ணிக்கையில் செய்து குவித்திருந்ததால் அவற்றை உபரிச் சரக்கிலிருந்து திரட்ட முடிந்தது. அசலைக் கட்டியவர்களும் 1948-இல் இதே போர் உபரியைத்தான் நம்பியிருந்தார்கள். நிரலை உள்ளிடப் பயன்படுத்திய பொத்தான் பலகைகூட விமானப்படைக் கருவிகளிலிருந்து வந்தது. ஒரு போர் மிச்சம் வைத்த பொருளை வைத்து ஒரே கணினியை ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை கட்டியிருக்கிறார்கள்.

நான் மேலே குறிப்பிட்ட முக்கிய முடிவு இங்கே வருகிறது. 1990-களில் பேபியை ஒரு சாதாரண மேசைக்கணினியில் போலச்செய்து காட்டுவது எளிது. ஏழு கட்டளை, 32 வரி. ஒரு நல்ல மாணவர் ஒரு மாலையில் எழுதிவிடுவார். பழைய சட்டகங்களைக் கட்டி, நினைவகத்துக்கு மட்டும் நவீன சில்லை ஒளித்து வைத்திருந்தாலும் பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நினைவகமும் உண்மையான பிக்சர் டியூப்தான். அது முரண்டு பிடிக்கும், சூடு ஏறும்வரை காக்க வைக்கும், சுற்றியுள்ள மின் இரைச்சலுக்கு வழிதவறும். பேபி என்பதே அந்த நினைவகம்தான் என்னும்போது, அதை மாற்றியிருந்தால் பேபியின் உருவம் மட்டும் மிஞ்சியிருக்கும். இந்தப் பிடிவாதத்துக்காகவே இந்தத் திட்டத்தின் மீது எனக்கு அளவில்லாத மரியாதை.

தேதி கொடுத்த நெருக்கடியையும் சொல்ல வேண்டும். தொண்டர்களின் திட்டங்கள் இழுத்துக்கொண்டே போவது உலக வழக்கம். ஜூன் 21-ஐ யாராலும் ஜூலைக்குத் தள்ளிவைக்க முடியாது. ஆதரவு தரும் நிறுவனம், இடம் தரும் அருங்காட்சியகம், ஓய்வுபெற்ற பொறியாளர்கள் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே திசையில் இழுத்தது அந்தத் தேதிதான். இயந்திரம் மான்செஸ்டர் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் நிலைபெற்று, குறித்த நாளில் ஓடியது.

அன்று கில்பர்னுக்கு வயது 76. டூட்டிலுக்கும் 76. வில்லியம்ஸ் 1977-இலேயே காலமாகிவிட்டார். கில்பர்ன் 2001 ஜனவரியில் மறைந்தார். வேலை மூன்று ஆண்டு தாமதமாகியிருந்தால் முதல் நிரலை எழுதியவர் அதை மறுபடி பார்த்திருக்க மாட்டார். அவரிடம் எதையும் கேட்டுச் சரிபார்த்திருக்கவும் முடியாது.

32 வரிப் போட்டி

விழாவையொட்டி நிரல் போட்டி ஒன்றும் வைத்தார்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் பேபிக்கு ஒரு நிரல் எழுதி அனுப்பலாம். அதற்கான போலி இயந்திரத்தைக் கணினியில் இறக்கிப் பழகிக்கொள்ளலாம். வென்றது ஜப்பானிலிருந்து வந்த நிரல். நூடுல்ஸ் வேகும் நேரத்தை எண்ணிச் சொல்லும் கடிகாரம் அது!

போட்டியை ஓரமாக நடந்த கேளிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பேபிக்கு எழுதிப் பார்த்தவருக்குத்தான் அது புரியும். அதில் கூட்டல் கட்டளை கிடையாது. நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்தால் அதன் எதிர் எண்தான் கைக்கு வரும். அ, ஆ என்ற இரண்டு எண்களைக் கூட்ட வேண்டுமானால், முதலில் அ-வை எடுக்க வேண்டும், கழித்தல் அ வரும். அதிலிருந்து ஆ-வைக் கழிக்க வேண்டும். வந்ததை நினைவகத்தில் எழுதி, மறுபடி எடுத்தால் குறி மாறி, கூட்டுத்தொகை கிடைக்கும். நாலு கட்டளை போயிற்று. மீதமிருப்பது 28 இடம், அதில்தான் எண்களும் இருக்க வேண்டும். போதாததற்கு, இரும எண்களைத் திரையில் இடமிருந்து வலமாக, சிறிய மதிப்பிலிருந்து பெரிய மதிப்புக்குப் படிக்க வேண்டும், நாம் எண் எழுதும் முறைக்கு நேர்மாறாக. 25 வயது நிரலாளர் ஒருவர் இதோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினால், விழா மேடையில் எத்தனை பேர் பேசினாலும் புரிய வைக்க முடியாத ஒன்று அவருக்குப் புரிந்துவிடும்.

2008-இல் வெளிவந்த ஒலிநாடா

ஒரு விழா நன்றாக நடந்தால் அடுத்த விழாவுக்குப் பழைய பெட்டிகள் திறக்கும். பேபியின் 60-ஆம் ஆண்டு நிகழ்வுகளின்போது, 2008 ஜூனில், ஒரு பழைய ஒலிப்பதிவு பொதுமக்கள் காதுக்கு வந்தது. 1951-இல் ஃபெரான்டி மார்க் 1 கணினி இசைத்ததை பிபிசி வெளிப்புற ஒலிபரப்புக் குழு பதிவு செய்தது. பிரிட்டிஷ் தேசிய கீதம், ஒரு குழந்தைப் பாட்டு, ஒரு நடன மெட்டு. இசை நிரலை எழுதியவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி. கடைசி மெட்டில் இயந்திரம் பாதியில் நின்றுவிட, அருகில் இருப்பவர்கள் சிரிப்பதும் கேட்கிறது. கணினி இசைத்ததன் மிகப் பழைய ஒலிப்பதிவாக இன்று அறியப்படுவது இதுதான். பின்னர் 2016-இல் நியூசிலாந்தில் அதன் சுருதியைச் சரிசெய்து மீட்டெடுத்தார்கள்.

'முதல்' என்ற பட்டம்

விழா என்று வந்தால் 'உலகிலேயே முதல்' என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். இதில் கவனம் வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எனியாக் 1946-லேயே மின்னணுக் கணினியாக மக்கள் முன் ஓடியது. அதை மாற்றியமைத்து, 1948-இன் முற்பகுதியில், பேபிக்கு முன்பே, சேமித்துவைத்த நிரல்களை ஓட்டினார்கள். ஆனால் அந்த நிரல் இருந்தது கையால் திருப்பும் சுவிட்சுகளின் பலகையில். இயந்திரத்தால் அதைப் படிக்க முடியும், மாற்ற முடியாது. பேபியில் நிரலும் எண்களும் ஒரே மின்னணு நினைவகத்தில், அழித்து எழுதக்கூடிய வகையில் இருந்தன. இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால் பேபிதான் முதல். விழாப் பலகையில் இத்தனை சொல்லுக்கு இடமிருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் பலகைக்காக உண்மையைச் சுருக்கினால் மற்ற பல்கலைக்கழகங்களின் உழைப்பு காணாமல் போகும்.

பென்சில்வேனியாவில் விட்டுப்போனவர்கள்

எனியாக்கின் பொன்விழா 1996 பிப்ரவரி 14 அன்று. அமெரிக்கத் துணை அதிபர் ஆல் கோர் வந்து பொத்தானை அழுத்தினார். அசலின் ஒரு பகுதி விளக்குகள் எரிந்தன. ஏறக்குறைய 18,000 வால்வுகள், 30 டன் எடை என்றிருந்த எனியாக்கை, 7.44-க்கு 5.29 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே சில்லில், 1,74,569 டிரான்சிஸ்டர்களில் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் வடித்தார்கள். மாணவர்கள் அசலின் அமைப்பைத் தோண்டிப் படிக்க வேண்டியிருந்த நல்ல முயற்சி அது. ஆனாலும் அந்த விழாவின் வரலாற்றில் ஒரு வலி இருக்கிறது. எனியாக்கை நிரல்படுத்திய ஆறு பெண்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். 1946-இல் இயந்திரத்தை உலகுக்குக் காட்டிய நாளின் விருந்துக்கே இவர்களை அழைக்கவில்லை. 1980-களில் கேத்தி கிளெய்மன் என்ற மாணவி பழைய படங்களில் இருக்கும் பெண்கள் யார் என்று கேட்டபோது, அழகுக்காக நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடி அவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் வாயாலேயே கதையைப் பதிவு செய்தார். அதன் பின்புதான் 1997-இல் தொழில்நுட்பப் பெண்களுக்கான புகழ்க்கூடத்தில் ஆறு பேரையும் சேர்த்தார்கள்.

சில்லை வடிக்க மின்சுற்று தெரிந்தால் போதும். நிரலை அன்று எப்படி அமைத்தார்கள், கம்பிகளை எந்த வரிசையில் மாட்டினார்கள் என்று கேட்டிருந்தால் அந்தப் பெண்களிடம்தான் போய் நின்றிருக்க வேண்டும். நாற்பதாம் ஆண்டிலேயே அப்படி ஒரு வேலையைத் தொடங்கியிருந்தால் அவர்கள் விழாவின் நடுவில் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

கேம்பிரிட்ஜின் பன்னிரண்டு ஆண்டுகள்

1949 மே 6 அன்று ஓடத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக், மற்ற ஆய்வாளர்கள் அன்றாடம் பயன்படுத்திய கணினி என்ற வகையில் பேபியைவிட எவ்வளவோ முன்னேறியது. சுமார் 3,000 வால்வுகள், பாதரச நினைவகம். 1958-இல் நிறுத்திக் கலைத்துவிட்டார்கள். பொன்விழாவை 1999-இல் கேம்பிரிட்ஜில் கொண்டாடினார்கள். அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸும், நிரல் முறைகளை வகுத்த டேவிட் வீலரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். இயந்திரத்தை மறுபடி கட்டும் திட்டம் அப்போது இல்லை.

அந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது 2011-இல். பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் வேலை தொடங்கியது. வீலர் 2004-இல் காலமாகியிருந்தார். வில்க்ஸ் 2010 நவம்பரில், அறிவிப்புக்குச் சில வாரங்களுக்கு முன். கட்டுபவர்கள் புகைப்படங்களை உருப்பெருக்கி, வால்வு எங்கே, மின்தடை எங்கே என்று ஊகித்து, சுற்றுகளை மறுபடி வடிவமைக்க வேண்டியிருந்தது. பாதரசத்துக்குப் பதில் பாதுகாப்பான நிக்கல் கம்பிகளை வைத்தார்கள்.

2014-இல் 19 அசல் வரைபடங்கள் வெளிவந்தன. எட்சாக் நிறுத்தப்பட்ட காலத்தை ஒட்டி அந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், குப்பைக்குப் போகவிருந்தவற்றை எடுத்து இத்தனை ஆண்டுகள் தன்னிடம் வைத்திருந்தார். கட்டுபவர்கள் அதற்குள் ஊகத்தின் பேரில் பல பாகங்களைச் செய்து முடித்திருந்தார்கள். 1999 விழாவுக்காக வேலை தொடங்கியிருந்தால், ஊகித்த ஒவ்வொரு சுற்றையும் வில்க்ஸிடமும் வீலரிடமும் காட்டி, சரியா என்று கேட்டிருக்கலாம்.